பாதை மாறிய ஊர்கள்

புளியஞ்சோலைக்குப் போயிருக்கிறீர்களா? திருச்சியிலிருந்து துறையூர் போய், உப்பிலியபுரம் தாண்டினால், கொல்லிமலை திடீரென்று ஒரு பச்சைச் சுவர் மாதிரி எழுந்து நிற்கும். அந்தச் சுவரின் காலடியில் இருக்கிற சின்ன ஊர். மேலேயிருந்து அய்யாறு பாறைகளில் முட்டி மோதி இறங்கி வரும். குளிப்பதற்கு இதைவிட நல்ல இடம் அந்த வட்டாரத்தில் கிடையாது.

நான் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. குளித்து முடித்து, தலையைத் துவட்டிக்கொண்டே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். வரிசையாகப் பத்துக் கடைகள். திறந்திருந்தது இரண்டு.

''ஞாயித்துக்கிழம வாங்க சார், நிக்க எடம் இருக்காது'' என்றார் டீக்கடைக்காரர்.

''மத்த நாள்ல?''

''மத்த நாள்ல நானும் கொரங்குங்களும்தான்!''

சிரித்துவிட்டேன். ஆனால், அந்தப் பதில் திரும்பி வரும் வழியெல்லாம் மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. ஏனென்றால், புளியஞ்சோலையிலிருந்து மலை மேல் ஏறும் ஒரு நடைபாதை உண்டு. ஆகாயகங்கை பக்கமாக ஏறி அறப்பளீஸ்வரர் கோயிலை அடையலாம். மலையில் வாகனம் ஏறாத காலத்தில் கொல்லிமலை மக்களுக்குக் கீழ்நாட்டோடு தொடர்பு என்பதே இது மாதிரி நடைபாதைகள்தான். தலைச்சுமையாகவே எல்லாம் இறங்கும். உப்பும் துணியும் தலைச்சுமையாகவே ஏறும். இன்றைக்கு மலைக்கு பஸ் போவது அந்தப் பக்கம். நாமக்கல் பக்கம் காரவள்ளியில் தொடங்கி, எழுபது கொண்டை ஊசி வளைவுகள்! மிளகும் பலாவும் அன்னாசியும் லாரியேறி அந்தப் பக்கமாக இறங்கிவிடுகின்றன. இந்தப் பக்கப் பாதைக்கு மிஞ்சியது மலையேறும் ஆசை உள்ள இளைஞர்களும், குளிக்க வருகிற நம்மைப் போன்றவர்களும்தான்.

வில்லுக்குப் பேர்போன வல்வில் ஓரி ஆண்ட மலை இது. அவனை வீழ்த்தியது மலையமான் காரி. மலை போய்ச் சேர்ந்தது சேரனிடம். ராஜாக்கள் மாறியதையெல்லாம் நம் சரித்திரப் புத்தகங்கள் விலாவாரியாகச் சொல்கின்றன. ஆனால், ஒரு ஊரின் தலையெழுத்தை மாற்றுவதில் ராஜாக்களைவிடப் பெரிய ஆள் ஒருவர் இருக்கிறார்... ரோடு! அவர் திரும்பிய பக்கம் கடைவீதி முளைக்கும். அவர் கைவிட்ட பக்கம் கடைவீதிக்குப் பூட்டு.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே மிகச் சரியான உதாரணம் எது என்று கேட்டால், நான் கைகாட்டுவது தரங்கம்பாடியை.

தரங்கம்பாடி என்றதும் டேனிஷ் கோட்டை ஞாபகத்துக்கு வரும். பள்ளிக்கூடத்தில் சுற்றுலா கூட்டிப்போயிருப்பார்கள். ஆனால், டேனிஷ்காரர்கள் வருவதற்கு மூன்று நூற்றாண்டுகள் முன்பே அங்கே ஒரு ஊர் இருந்தது. கடலோரத்தில் பாதி இடிந்து நிற்கிற மாசிலாமணிநாதர் கோயில் 1306-ல், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. அப்போது ஊர்ப் பெயர் சடங்கன்பாடி. கடல் நெருங்கி நெருங்கி வந்து கோயிலின் முன்பக்கத்தை விழுங்கிவிட்டது. மிச்சத்தைக் காப்பாற்றப் பிறகு பாறாங்கற்களைக் கொட்டினார்கள்.

1620. டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியன் அனுப்பிய கப்பல் கூட்டத்துக்குத் தலைவன் ஓவ கெட்டே. வயது இருபத்தைந்துகூட நெருங்கியிருந்தால் அதிகம்! கண்டி ராஜாவோடு ஒப்பந்தம் போடலாம் என்று இலங்கைக்குப் போனார்கள். காரியம் நடக்கவில்லை. இதற்கிடையில், முன்கூட்டியே வந்த ரோலண்ட் கிராப்பே என்பவரின் கப்பலை காரைக்கால் அருகே போர்ச்சுகீசியர்கள் அடித்து நொறுக்க, அவர் தப்பித்துக் கரையேறி, தஞ்சை ரகுநாத நாயக்கரின் அரண்மனையில் போய் நின்றார். நாயக்கர் கலைஞர், ரசிகர்; அதேசமயம் நல்ல கணக்குப்பிள்ளையும்கூட. போர்ச்சுகீசியர்களுக்குப் போட்டியாக இன்னொரு வெள்ளைக்காரன் இருப்பது நல்லதுதானே? நவம்பர் 1620-ல் ஒப்பந்தம் முடிந்தது. டென்மார்க் அரசருக்கு நாயக்கர் தங்கத் தகட்டில் எழுதி அனுப்பிய தமிழ்க் கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. (நம்மிடம் இருந்திருந்தால் எப்போதோ உருக்கியிருப்போம் என்று ஒரு நண்பர் சொன்னார். மறுக்கத் தோன்றவில்லை!)

கோட்டை எழுந்தது. பெயர் டான்ஸ்போர்க். கோட்டைக்கு எதிரே பெரிய மைதானம். மைதானத்திலிருந்து ஊர்வாசல் வரை நேராக ஒரு தெரு... ராஜ வீதி. அதற்குப் பக்கத்தில் ராணி வீதி, தட்டார் தெரு, பள்ளிவாசல் தெரு. சுற்றிலும் மதில். ஒரு மணி நேரத்தில் மொத்த ஊரையும் நடந்து முடித்துவிடலாம். அவ்வளவு கச்சிதம்.

1706 ஜூலை மாதம் இங்கேதான் சீகன்பால்கு வந்து இறங்கினார். தெருப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து அ, ஆ எழுதிப் பழகி, அச்சகம் வைத்து, 1715-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். இந்திய மொழி எதிலும் அதற்குமுன் இப்படி ஒரு முழுப் புதிய ஏற்பாடு அச்சானதில்லை. அச்சடிக்கக் காகிதம் வேண்டுமே? பக்கத்துப் பொறையாறில் காகிதம் செய்கிற பட்டறையே போட்டார்கள். அந்த இடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்று பேர் ஒட்டிக்கொண்டது. 1718-ல் அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் ராஜ வீதியில் இன்றும் இருக்கிறது. அடுத்த வருஷமே, முப்பத்தாறு வயதில் இறந்து, அதற்குள்ளேயே அடக்கமானார்.

இவ்வளவு பெருமையுள்ள ஊர் எப்படிப் படுத்தது?

1845-ல் டென்மார்க் அரசாங்கம் தரங்கம்பாடியையும் வங்காளத்து செராம்பூரையும் சேர்த்து, பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டது. ஒரு ஊரையே விற்பதா என்று நமக்குத் தோன்றும். அவர்களுக்கு அது நஷ்டத்தில் ஓடும் கடை. வித்தாச்சு, கிளம்பியாச்சு. அப்போதுகூட ஊர் உடனே விழுந்துவிடவில்லை. தஞ்சாவூர் ஜில்லா கலெக்டரின் தலைமையிடத்தையே ஆங்கிலேயர்கள் இங்கே கொண்டுவந்தார்கள். கலெக்டர் இருந்தால் கச்சேரி இருக்கும், கச்சேரி இருந்தால் வக்கீல், குமாஸ்தா, மனு எழுதுகிறவர், சோற்றுக்கடை எல்லாம் இருக்கும். பதினைந்து வருஷம் அப்படி ஓடியது. 1860 வாக்கில் தலைமையிடம் தஞ்சாவூருக்குப் போனது.

அடுத்த அடி 1861-ல். ரயில்! நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்குத் தண்டவாளம் போட்டார்கள். மறுவருஷம் திருச்சி வரை நீண்டது. உள்நாட்டு நெல்லும் துணியும் நேராக நாகப்பட்டினத்துக்கு ஓடி, அங்கே கப்பலேறின. முப்பது கிலோமீட்டர் வடக்கே இருந்த தரங்கம்பாடியை யார் சீந்துவார்கள்? வியாபாரிகள் மெள்ளக் கிளம்பினார்கள். கடைசியில் 1926-ல் மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கும் ஒரு கிளை ரயில் வந்தது. அறுபத்தைந்து வருஷம் தாமதம்! அதற்குள் ஏற்றுமதி செய்ய அங்கே ஒன்றும் இல்லை. 1986-ல் அந்த ரயிலையும் நிறுத்திவிட்டார்கள். கோட்டை? 1978 வரை அரசாங்க அதிகாரிகள் தங்குகிற பயணியர் மாளிகை. அப்புறம்தான் தொல்லியல் துறை கைக்கு வந்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். தரங்கம்பாடி மட்டும் ஜெயித்திருந்தால், ராஜ வீதி இன்றைக்கு இருந்திருக்காது. நாகப்பட்டினம் மாதிரி, மற்ற எல்லா ஊர்களையும் மாதிரி, பழைய வீட்டை இடித்துக் கான்கிரீட் கட்டியிருப்பார்கள். இடிக்கவும் காசு வேண்டும் அல்லவா? அந்தக் காசு இல்லாததால் தூண்கள் நின்றன. பழைய தெருக்களைக் காப்பாற்றியதில் நம் நாட்டில் வறுமைக்குப் பெரிய பங்கு உண்டு. எந்த விழாவிலும் அதற்குப் பொன்னாடை போர்த்துவதில்லை.

நின்றன என்றா சொன்னேன்? நின்றுகொண்டே செத்தன என்பதுதான் சரி. கடற்கரை வீட்டுக்கு உப்புக் காற்றுதான் எமன். பழைய சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். நம் கொத்தனார்கள் சுண்ணாம்பை நாள்கணக்கில் ஊறவைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்துப் பூசுவார்கள். அந்தப் பூச்சு மூச்சு விடும். சுவருக்குள் ஏறிய ஈரம், வெயில் வந்ததும் வெளியே போய்விடும். இதன்மேல் யாரோ புண்ணியவான் சிமென்ட் பூசுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்க்கப் பளிச்சென்று இருக்கும். ஆனால், உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லை. உப்பு உள்ளுக்குள்ளேயே படிகமாக இறுகி, செங்கல்லை மாவு மாதிரி பொடிக்கும். பத்துப் பதினைந்து வருஷத்தில் சிமென்ட் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும்போது, பின்னாலிருக்கும் சுவரும் கூடவே வரும். ''பழைய வீடு சார், தாங்கல'' என்பார்கள். தாங்காதது வீடு இல்லை, வைத்தியம்!

மெத்தைக்கும் இதே கதைதான். தேக்கு விட்டங்களுக்கு மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக, சாய்வு வரிசையில் சுண்ணாம்போடு அடுக்கி, மேலே செங்கல் ஜல்லி போட்டு, ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் தட்டித் தட்டியே இறுக்குவார்கள். மெட்ராஸ் டெரஸ் என்று பெயர். வருஷா வருஷம் மழைக்கு முன்னால் செடி முளைத்திருக்கிறதா என்று பார்த்துப் பிடுங்கினாலே தலைமுறைகளைத் தாண்டும். ஆனால், பிடுங்க ஆள் வேண்டும். ஆள் மெட்ராஸிலோ மலேசியாவிலோ அல்லவா இருக்கிறார்? ஒரு அரச விதை போதும். பறவை கொண்டுவந்து போடும். மீதியை வேர் பார்த்துக்கொள்ளும்.

2004 டிசம்பர் 26. அன்றைக்குக் காலையில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தரங்கம்பாடியில் கோட்டைக்கு வடக்கே கடலை ஒட்டியிருந்த மீனவர் குடியிருப்பைத் தண்ணீர் வாரிக்கொண்டு போனது. ஊர் முழுக்க ஓலம்.

அதற்குப் பிறகுதான் உலகத்தின் கண் தரங்கம்பாடி மேல் விழுந்தது. டென்மார்க்கில் இந்த ஊர்மேல் பாசம் உள்ள ஆர்வலர்கள் சங்கம் அமைத்து, 2000-களின் தொடக்கத்திலிருந்தே கோட்டையைப் பழுதுபார்க்க உதவிக்கொண்டிருந்தார்கள். சுனாமிக்குப் பின் டென்மார்க்கின் பெஸ்ட்செல்லர் என்ற துணி நிறுவனத்தின் அறக்கட்டளை பணம் கொடுக்க, இன்டாக் அமைப்பு வேலையில் இறங்கியது. அவர்கள் முதலில் தொட்டது பெரிய மாளிகைகளை மட்டும் இல்லை. தட்டார் தெருவில் இருந்த சின்னச் சின்ன ஓட்டு வீடுகளை! திண்ணை, மரத்தூண், முற்றம் உள்ள சாதாரண வீடுகள். இது எனக்கு மிகவும் பிடித்த சங்கதி. கவர்னர் மாளிகையைப் பழுதுபார்க்க யாராவது வருவார்கள். (வந்தார்கள். டென்மார்க் தேசிய அருங்காட்சியகமும் தமிழக சுற்றுலாத் துறையும் சேர்ந்து 2010-களில் அதைச் செய்து முடித்தன.) தட்டாரின் வீட்டுக்கு யார் வருவார்?

சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப்பிடிப்பதே இந்த மாதிரி வேலைகளில் பெரும்பாடு. சிமென்ட் வந்த பிறகு பிள்ளைகளுக்கு யாரும் அந்த வித்தையைச் சொல்லித்தரவில்லை. தெரிந்த ஒன்றிரண்டு பெரியவர்களை வைத்துக்கொண்டு, மற்றவர்களைப் பழக்கித்தான் வேலையை ஓட்ட வேண்டும். ஒரு வீட்டைக் காப்பாற்றப் போனால், ஒரு தொழிலையும் சேர்த்துக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

இதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்பே புதுச்சேரியில் ஒரு நல்ல பரிசோதனை நடந்தது. புதுச்சேரி என்றால் எல்லோரும் கடற்கரைப் பக்கத்து பிரெஞ்சு வீடுகளைத்தான் போட்டோ எடுப்பார்கள். வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் தெருக்கள் இருக்கின்றன. திண்ணையும், தெருவைப் பார்த்த தாழ்வாரமும், மரத்தூண்களுமாக, வழிப்போக்கன் மழைக்கு ஒதுங்க வசதியாகக் கட்டிய தெருக்கள். அதில் வைசியாள் வீதியில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டார்கள். 2002 முதல் 2004 வரை ஐரோப்பிய யூனியன் பணம், இத்தாலியின் உர்பினோ, பிரான்ஸின் வில்நவ் சுர் லோ ஆகிய நகரங்களின் கூட்டு, இன்டாக்கின் உழைப்பு. செலவில் ஒரு பங்கு வீட்டுக்காரருடையது! சும்மா கொடுத்தால் மதிப்பிருக்காது என்பது தெரிந்தவர்கள். ஒவ்வொரு வீட்டின் முகப்பும் பழையபடி வந்தது. புதுசாகக் கட்டியிருந்த கான்கிரீட் வீடுகளுக்குக்கூடத் தெருவோடு ஒத்துப்போகிற முகப்பு வைத்தார்கள். 2008-ல் யுனெஸ்கோ விருது கிடைத்தது.

விருதெல்லாம் சரி, அதே புதுச்சேரியில் 1870-களின் நினைவாகக் கடலைப் பார்த்துக் கம்பீரமாக நின்ற மேரி கட்டடம், 2014 நவம்பர் மழையில் பொலபொலவென்று சரிந்தது. ஆளுக்கு ஆள் கோப்பு நகர்த்திக்கொண்டிருந்தார்கள். மழைக்குக் கோப்பு தெரியாது. பிறகு அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டி 2021-ல் திறந்தார்கள். அச்சு அசல் அதே முகம்தான். ஆனால் அது நினைவுச் சின்னமா, நகலா?

செட்டிநாட்டுக்கு வருவோம். அங்கே பாதை மாறியது கடலுக்கு அப்பால். பர்மாவில் லேவாதேவி செய்து நகரத்தார்கள் சேர்த்த பணத்தில்தான் கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் தெருவுக்குத் தெரு அரண்மனைகள் எழுந்தன. பர்மாத் தேக்கு, இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி, காலடியில் ஆத்தங்குடிக் கல். 1930-களின் உலக மந்தத்தில் முதல் அடி. 1942-ல் ஜப்பான்காரன் ரங்கூனுக்குள் நுழைந்தபோது அடுத்த அடி. சுதந்திர பர்மா நிலங்களை நாட்டுடைமை ஆக்கியபோது கடைசி அடி. வீடு இருக்கிறது, வெள்ளையடிக்கப் பணம் இல்லை. அதுமட்டுமா? மூன்று தலைமுறைக்குப் பிறகு ஒரே வீட்டுக்குப் பங்காளிகள் முப்பது, நாற்பது பேர். ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் அமெரிக்காவில். ஓடு மாற்றுவதற்கு நாற்பது பேரின் சம்மதம் வேண்டும். விற்பதற்கு மட்டும் எப்படியோ சம்மதம் வந்துவிடுகிறது! காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போய்ப் பாருங்கள். இடித்த வீடுகளின் தூண், நிலை, ஊஞ்சல், பீங்கான் ஜாடி, தாத்தாவின் போட்டோ என எல்லாம் விற்பனைக்கு இருக்கும். பெங்களூரில் ஒரு ஓட்டல் வரவேற்பறையில் செட்டிநாட்டு நிலைக்கதவு ஒன்றைப் படுக்கவைத்து, மேலே கண்ணாடி போட்டு மேசையாக்கியிருந்தார்கள். அதன்மேல் காபி கோப்பையை வைக்க எனக்குக் கை வரவில்லை.

அங்கேயும் தப்பித்தவை உண்டு. கோத்தமங்கலத்தில் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் இருவர், மிஷேல் அட்மென், பெர்னார்ட் ட்ராகோன், சாரதா விலாஸ் என்ற வீட்டைப் புதுப்பித்துத் தங்கும் விடுதியாக்கினார்கள். 2014-ல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. உத்தேசப் பட்டியல் என்பது கல்யாணத்தில் ஜாதகப் பரிமாற்றம் மாதிரி. தாலி இன்னும் தொலைவில்!

இந்த இடத்தில் அமெரிக்காவுக்கு ஒரு நடை போய் வந்துவிடலாம். நாமென்னவோ அமெரிக்கர்களுக்குப் பழசு என்றாலே ஆகாது என்று நினைக்கிறோம். அங்கே ஒவ்வொரு சிறு ஊருக்கும் நடுவில் ஒரு கடைவீதி உண்டு. 'மெயின் ஸ்ட்ரீட்' என்பார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை வந்தது. நெடுஞ்சாலை ஓரம் கார் நிறுத்த வசதியுள்ள பெரிய அங்காடி வந்தது. நடு ஊரில் ஜவுளிக்கடை, மருந்துக்கடை, சினிமா தியேட்டர் எல்லாம் ஒவ்வொன்றாகக் கதவடைத்தன. 1977-ல் வரலாற்றுப் பாதுகாப்புக்கான அவர்களுடைய தேசிய அறக்கட்டளை மூன்று சிறு ஊர்களைச் சோதனைக்கு எடுத்தது. இல்லினாய் மாகாணத்து கேல்ஸ்பர்க், இண்டியானாவின் மேடிசன், தெற்கு டகோட்டாவின் ஹாட் ஸ்பிரிங்ஸ். இதில் மேடிசன் நம் தரங்கம்பாடிக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஓஹியோ ஆற்றங்கரைத் துறைமுகம். ஆற்று வியாபாரம் படுத்ததும் தானும் படுத்த ஊர். அதனாலேயே பழைய கட்டடங்கள் இடிபடாமல் நின்ற ஊர்!

என்ன செய்தார்கள்? பெரிய கட்டடம் எதுவும் கட்டவில்லை. ஊருக்கு ஒரு முழுநேர மேலாளரைப் போட்டார்கள். அவர் வேலை, கடை கடையாக ஏறி இறங்குவது. பழைய முகப்பை மறைக்கும் தகரத்தைக் கழற்றச் சொல்வது. சொல்லி முடித்ததும், அதற்கு யாரிடம் கடன் கிடைக்கும் என்று காட்டுவது. கடைக்காரர்களைச் சேர்ந்து விளம்பரம் செய்யவைப்பது. காலியான கடைக்கு ஆள் பிடிப்பது. கட்டடத்துக்கு வைத்தியம் பார்ப்பதைவிட, அதற்குள் கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கு வியாபாரம் நடக்க வழி செய்வது! மூன்று ஊர்களிலும் பலன் தெரிந்தது. 1980-ல் இதற்கென்றே ஒரு தேசிய மையம் அமைத்தார்கள். நூற்றுக்கணக்கான ஊர்களுக்குத் திட்டம் பரவியது.

நம்மிடம் அப்படி ஒரு மேலாளர் எந்த நகராட்சியில் இருக்கிறார்? நம் சட்டங்கள் கோட்டையைக் காக்கும், கோயிலைக் காக்கும். மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி நூறு மீட்டருக்கு எதுவும் கட்டக்கூடாது என்று 2010-ல் இறுக்கிப் பிடித்தார்கள். ஆனால், நூறு வருஷப் பாத்திரக்கடைத் தெரு? அது சின்னம் இல்லை, வெறும் தெரு. தமிழ்நாட்டுக்கென ஒரு பாரம்பரிய ஆணையம் அமைக்க 2012-லேயே சட்டசபையில் சட்டம் நிறைவேறியது. அது நடைமுறைக்கு வரவே பத்து வருஷத்துக்கு மேல் பிடித்தது. அந்தப் பத்து வருஷத்தில் உங்கள் ஊரில் எத்தனை திண்ணைகள் போயின என்று நீங்களே விரல்விட்டு எண்ணிக்கொள்ளலாம்.

சரி, காப்பாற்றிவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. யாருக்காக?

பினாங்கைப் பாருங்கள். மலேசியாவின் ஜார்ஜ் டவுனில் நம் ஆட்களுக்கு இருநூறு வருஷத்து வாசம். சூலியா தெரு என்று தமிழ் முஸ்லிம் வியாபாரிகளின் பேரில் ஒரு தெருவே உண்டு. பக்கத்திலேயே கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். ராணி வீதியில் 1833-ல் எழுந்த மகா மாரியம்மன் கோயில். கீழே கடை, மேலே வீடு என்று ஆயிரக்கணக்கான பழைய கடைவீடுகள். அவை தப்பித்ததற்குக் காரணம், வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். வாடகை சொற்பம், எனவே வீட்டுக்காரர் இடிக்கவும் முடியாது, காலி செய்யவைக்கவும் முடியாது. பூட்டுக்காரர், ஊதுவத்திக்காரர், பூக்காரம்மா எல்லோரும் தாக்குப்பிடித்தார்கள். 2000-ம் ஆண்டு பிறந்ததும் அந்தக் கட்டுப்பாடு போனது. வாடகை எகிறியது. தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள் மூட்டை கட்டினார்கள். காலியான வீடுகள் சிலவற்றுக்கு விசித்திரமான வாடகைதாரர்கள் வந்தார்கள். உழவாரக் குருவிகள்! அதன் கூட்டுக்குச் சீனர்களிடம் பொன் விலை. ஜன்னலை அடைத்து, ஒலிபெருக்கியில் குருவிச் சத்தம் போட்டு வளர்த்தார்கள். 2008-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரம் என்று அறிவித்ததும் குருவிகளையும் காலி செய்தார்கள். அதன்பின் வந்தவை அழகழகான விடுதிகள், காபிக் கடைகள். சுவரெல்லாம் ஜோர். சுவருக்குள் இருந்த பூட்டுக்காரரைக் காணோம்.

தரங்கம்பாடியிலும் இந்தச் சிக்கல் வேறு உருவத்தில் இருக்கிறது. பழைய கலெக்டர் பங்களா கடலைப் பார்த்த சொகுசு விடுதியாகிவிட்டது. நல்லதுதான், இல்லாவிட்டால் இடிந்திருக்கும். ஊர் மக்களில் சிலருக்கு அங்கே வேலையும் கிடைக்கிறது. ஆனால், மதிலுக்கு உள்ளே பாரம்பரியம், மதிலுக்கு வெளியே மீனவர் குப்பம் என்று ஒரு கோடு விழுந்துவிட்டது. சுனாமிக்குப் பிறகு மீனவர்களுக்குக் கடலைவிட்டுத் தள்ளிப் புது வீடுகள் கட்டிக்கொடுத்தார்கள். உயிர் பயத்தில் போனார்கள். வலையும் படகும் மட்டும் கூட வரவில்லை. அவற்றுக்குக் கடற்கரைதான் வீடு. எனவே, இரவு ஒரு இடம், தொழில் ஒரு இடம் என்று வாழ்க்கை இரண்டாகப் பிரிந்தது.

இன்னொரு பக்க நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ராஜ வீதியில் சொந்த வீடு வைத்திருக்கும் ஒரு ஆசிரியரையோ எழுத்தரையோ நினைத்துப் பாருங்கள். மழைக்கு ஒழுகுகிறது. மகளுக்குக் கல்யாணம். மாடியில் ஒரு அறை எடுக்க வேண்டும். 'பாரம்பரியம், கைவைக்காதே' என்று கோட்டையைப் பார்க்க வந்த நாம் காரில் உட்கார்ந்துகொண்டு சொல்வது சுலபம். அவர் கேட்கும் கேள்வி ரொம்ப நேரானது: ''எல்லோருக்கும் சொந்தம்னா, எல்லோரும் சேர்ந்து ஓடு மாத்திக் கொடுங்க!'' புதுச்சேரி வைசியாள் வீதியில் பாதி பதில் இருக்கிறது. மேடிசனில் மீதி. இரண்டையும் சேர்த்துத் தமிழ்நாட்டின் ஒரு சிறு ஊரிலாவது யாரும் இன்னும் முழுசாகச் செய்து பார்க்கவில்லை என்பதுதான் என் குறை.

கடைசியாகப் போனபோது ஓர் இரவு தரங்கம்பாடியில் தங்கினேன். ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் வரை கோட்டை மைதானத்தில் கூட்டம், சுண்டல், பலூன், செல்போன் போட்டோ. இருட்டியதும் கார்கள் வரிசையாக ஊர்வாசலைத் தாண்டிப் போயின. ராஜ வீதியில் விளக்குகள் எரிந்தன, நடக்க ஆள் இல்லை. புளியஞ்சோலை டீக்கடைக்காரர் ஞாபகம் வந்தது.

விடியற்காலையில் பேச்சுச் சத்தம் கேட்டு எழுந்து போனேன். மதிலுக்கு வெளியே, கோட்டைக்கு வடக்கே, மணலில் படகுகள் வந்து ஏறியிருந்தன. பெண்கள் கூடைகளோடு சுற்றி நின்று ஏலம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நண்டு ஒரு பக்கம், மத்தி ஒரு பக்கம், ஐஸ் கட்டிக்காரரின் சைக்கிள் ஒரு பக்கம். பொறையாறுக்கும் மயிலாடுதுறைக்கும் போக வேண்டிய கூடைகள் ஒவ்வொன்றாக வண்டியேறின. யாருக்கும் என்னைக் கவனிக்க நேரமில்லை. கோட்டைக் கதவைத் திறந்து டிக்கெட் கொடுக்க ஆரம்பித்தபோது எல்லாம் முடிந்து, அங்கே ஈர மணலும் செதிலும் மட்டும்தான் கிடந்தன.